துரு என்று குறித்த மீன்

மாத்தூரில், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையோரத்தில் சுப்பராயனின் கல் பட்டறை இருக்கிறது. துறைமுகத்தில் வந்திறங்கும் வெளிநாட்டுக் கற்பலகைகளை எடுத்துவந்து, ஓரம் வெட்டி, ஓட்டை அடைத்து, முகம் தெரியும்படி மெருகேற்றி, சமையல் மேடைக்கும் மாடிப்படிக்கும் விற்கிற பட்டறை. அங்கே ஒன்பது வருடமாகக் குறி போடும் வேலை பார்த்துவந்தான் பீம்ராவ்.

குறி போடுவது என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வந்த பலகையை இரும்புச் சட்டத்தில் சாய்த்து நிறுத்துவார்கள். ஈரப் பஞ்சால் ஒருமுறை துடைப்பார்கள். குறி போடுகிறவன் நாலடி தள்ளி நின்று, மேலிருந்து கீழாக, பிறகு இடமிருந்து வலமாகப் பார்ப்பான். கையில் மஞ்சள் மெழுகுக் கட்டி இருக்கும். பொத்தல் தெரிந்தால் ஒரு வட்டம்; அங்கே கறுப்புப் பசை ஊற்றி அடைப்பார்கள். விரிசலோ கறையோ தெரிந்தால் குறுக்கே ஒரு கோடு; அந்தக் கோட்டோடு வெட்டிவிடுவார்கள். கோட்டுக்கு அப்பால் ஒரு பெருக்கல் குறி; அது கழிவு. காரணத்தைப் பக்கத்தில் ஒரே வார்த்தையில் எழுத வேண்டும். விரிசல். பொத்தல். துரு. வெட்டுகிறவன் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. கேட்டால் ஒரு நாளைக்கு இருபது பலகை வெட்டுகிற இடத்தில் பத்துகூட ஆகாது.

பீம்ராவ் ஜியாலஜியில் எம்.எஸ்ஸி. படித்தவன். வகுப்பில் முதலாவது. ஆராய்ச்சிக்குச் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை, அப்பா போய்விட்டார். வியாசர்பாடிக் குடியிருப்பில் அடுத்த வீட்டுக்காரரான டில்லிபாபுதான், “கல்லு படிச்ச புள்ள கல்லு வேலைக்கு வரட்டுமே, இன்னா இப்ப?” என்று சொல்லி, தான் வெட்டு மெஷின் ஓட்டும் பட்டறைக்கே கூட்டிவந்து சேர்த்துவிட்டார். இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவன்தான்.

சேர்ந்த புதிதில் மொராக்கோ கறுப்பு என்கிற பலகை வரும்போதெல்லாம் பீம்ராவ் குறி போட மறந்து பார்த்துக்கொண்டு நிற்பான். கறுப்புக் கல்லில் வெள்ளை வெள்ளையாகச் சுருளும் ஊசியுமாகப் பழைய கடலின் பிராணிகள் புதைந்திருக்கும் கல் அது. முப்பத்தாறு கோடி வருடத்துக் கடல். சுருள்களை முறுக்கு என்றும் ஊசிகளை மிளகாய் என்றும் பட்டறையில் சொல்வார்கள். முறுக்கு நிறைய விழுந்த பலகைக்கு கிராக்கி அதிகம். அவை என்ன பிராணிகள், எப்படி வாழ்ந்தன என்று பீம்ராவ் டீ நேரத்தில் சொல்லத் தொடங்கினால், “நைனா க்ளாஸ் எடுக்க வந்துட்டான், டவுட்டு கேக்கறவங்கல்லாம் கை தூக்கு” என்று பாலீஷ் மெஷின் ஷாரிக் கத்துவான். டில்லிபாபு மட்டும் டீ ஆறுவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டு வருடத்தில் பீம்ராவ் பேச்சை நிறுத்திக்கொண்டான். மூன்றாம் வருடம் அவனே முறுக்கு, மிளகாய் என்று சொல்லத் தொடங்கிவிட்டான்.

இந்த வருடம் பிப்ரவரியில் ஷாஸியா போன் செய்தாள். எம்.எஸ்ஸி.யில் அவனுக்கு அடுத்த பெஞ்சு, அவனுக்கு அடுத்த ரேங்க். வண்ணாரப்பேட்டைக்காரி. இப்போது ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர்.

“பீம், எங்க டிபார்ட்மென்ட்ல சின்னதா ஒரு மியூசியம் ஆரம்பிக்கிறோம். ஒரு அசிஸ்டென்ட் போஸ்ட் கீது. முப்பத்தஞ்சுதான் லிமிட்டு. உனக்கு எப்போ முப்பத்தஞ்சு?”

“ஜூன்ல.”

“அப்போ இதுதாண்டா கடைசி வண்டி. அப்ளிகேஷன் போடு. ஆனா எங்க ஹெச்.ஓ.டி. ஒரு மாதிரி. ஒம்போது வருஷமா நீ என்னா செஞ்சேன்னு கேப்பாரு. கிச்சன் மேடைக்கு கல்லு பார்த்தேன்னு சொன்னா சிரிச்சிடுவாரு. எதாச்சும் கையில வெச்சிக்கினு வா. ஒரு பேப்பரு, ஒரு ஸ்பெசிமன், எதாச்சும்.”

கையில் வைத்துக்கொள்ள அவனிடம் ஒன்றும் இல்லை. விண்ணப்பத்தை மட்டும் அனுப்பினான். அனுபவம் என்ற கட்டத்தில் ‘கற்பலகைத் தர ஆய்வு’ என்று எழுதியபோது அவனுக்கே சிரிப்பு வந்தது.

மீன் வந்தது மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை.

அன்றைக்கு இறங்கியது இருபத்திரண்டு பலகைகள். பதினேழாவதன் கீழ்மூலையில், ஒரு முழ நீளத்துக்குப் பழுப்புக் கறை. ஷாரிக் பஞ்சால் துடைத்தான். ஈரத்தில் கறை நன்றாகவே தெரிந்தது. காலை வெயில் நேராக விழுந்த நேரம். இருட்டு, தூசி, அவசரம் என்று எந்தச் சமாதானமும் சொல்லிக்கொள்ள முடியாத நேரம். பீம்ராவ் மேலிருந்து கீழாகப் பார்த்தான், இடமிருந்து வலமாகப் பார்த்தான். கறையின் பெரும்பகுதி கழிவில் போகும்படி ஒரு கோடு போட்டான். பெருக்கல் குறி போட்டான். கோட்டுக்கு மேலே எஞ்சிய நாலு விரல் பழுப்பைச் சுற்றி வட்டம் வரைந்து, ‘துரு. தேய்த்து அடை’ என்று எழுதினான்.

டில்லிபாபு மெஷினிலிருந்து இறங்கி வந்து பலகையின் முன்னால் குந்தினார். கறையை விரலால் தடவினார்.

“பீம் சார்,” என்றார். பட்டறைக்குள் அவர் அவனை சார் என்பார். குடியிருப்புப் படியேறியதும் பீமு ஆகிவிடுவான். “இது துருவா? எனக்கு இன்னாமோ மண்டையாட்டம் தெரியுது.”

“என்ன மண்டை?”

“மீன் மண்டைதான். கொடுவா மண்டை வெந்தா, தகடு தகடா பிரியும் பாரு, அந்த மாரி கீது. தோ, இங்க ஒரு தகடு, இங்க ஒரு தகடு. நடுவுல ஒட்டு. துருன்னா பரவிகினு போவுமே சார், இப்படி வெட்டி வெச்ச மாரி நிக்குமா?”

டில்லிபாபுவின் மனைவி கெங்கம்மா வியாசர்பாடி மார்க்கெட்டில் மீன் விற்பவள். விடியற்காலை காசிமேட்டுக்குப் போய் அவளுக்குக் கூடை நிறைத்துக் கொடுத்துவிட்டுத்தான் அவர் வேலைக்கு வருவார். பதினெட்டு வருடமாக நாள் தவறாமல் மீன் தலை பார்க்கிறவர்.

“டில்லிண்ணா, உனக்கு எதைப் பார்த்தாலும் மீன்தான்,” என்றான் பீம்ராவ். “கோடு போட்டாச்சு. வெட்டு.”

“மாமு, அப்டியே வூட்டுக்கு எடுத்துனு போ. அக்கா கொழம்பு வெச்சுக் குடுக்கும்,” என்றான் ஷாரிக். எல்லோரும் சிரித்தார்கள். பீம்ராவும் சிரித்தான். டில்லிபாபுவும் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டே பலகையை மெஷினில் ஏற்றினார்.

மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி. பீம்ராவ் கைகழுவக் குழாயடிக்குப் போனான். பதினேழாம் பலகையின் கழிவுத்துண்டை யாரோ அங்கே கொண்டுவந்து, குட்டையான பக்கம் தரையில் படும்படி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். காலையில் படுத்திருந்த கறை இப்போது நின்றுகொண்டிருந்தது. குழாய்த் தண்ணீர் தெறித்து அதன்மேல் வழிந்தது.

அவன் பார்த்தது ஒரு தாடை.

பல் கிடையாது. பல்லுக்குப் பதில் எலும்பே கத்திரிக்கோல் அலகு போலக் கீழ்நோக்கி வளைந்து, முன்னால் ஒரு கொக்கியாக முடிந்தது. அதற்கு மேலே கன்னத் தகடு. தகட்டின் மேல் மணல் தூவியதுபோல் சன்னமான புள்ளிகள். இதே தாடையை அவன் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடப் பரீட்சையில் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறான். பத்துக்குப் பத்து. அந்த விடைத்தாளை ஷாஸியா வாங்கிப் பார்த்துவிட்டு, “நீ மனுஷனே இல்ல, பிரின்டிங் மெஷின்” என்று திட்டியதுகூட ஞாபகம் வந்தது. தலையிலும் தோளிலும் எலும்புக் கவசம் பூட்டிய மீன் குடும்பம். தன் காலத்துக் கடலில் அதை அடிக்க எதுவும் இல்லை. பிறகு ஒரு குடும்பமாக மொத்தமும் அழிந்தது. இன்றைக்கு எந்தக் கடலிலும் அதற்கு வாரிசு கிடையாது. கவசத்துக்குப் பின்னால் இருந்த உடம்பு மிருதுவானது என்பதால் அது கல்லில்கூடத் தங்கவில்லை. தங்கியது இந்தத் தலைமட்டும்தான்.

தாடை இங்கே இருக்கிறது. அப்படியானால் கண் எங்கே?

கோட்டுக்கு மேலே. நாலு விரல் பழுப்பில்.

அப்போதுதான் கிரைண்டர் சத்தம் அவன் காதில் விழுந்தது. மணி அடித்தபிறகும் கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டுத்தான் சாப்பிடப் போகும் வழக்கம் டில்லிபாபுவுக்கு. பீம்ராவ் ஓடினான். “டில்லிண்ணா! டில்லிண்ணா!” முகமூடியும் காதடைப்பும் போட்டிருந்த மனிதருக்கு எதுவும் கேட்கவில்லை. தோளைப் பிடித்து இழுத்தபோதுதான் சத்தம் நின்றது.

அந்த மீனின் கண்ணைச் சுற்றி நான்கு சிறு எலும்புத் தகடுகள் வளையமாக இருக்கும். அவற்றில் ஒன்றரை மிச்சம் இருந்தது. மற்றவை டில்லிபாபுவின் முன்கையிலும் புருவத்திலும் பழுப்புத் தூளாகப் படிந்திருந்தன.

“இன்னா சார்? இன்னா ஆச்சு?”

“மீனு டில்லிண்ணா,” என்றான் பீம்ராவ். அவனுக்கு மூச்சு வாங்கியது. “மீன்தான்.”

“அதான காலைல சொன்னேன்,” என்றார் அவர். குத்திக்காட்டும் எண்ணம் அவர் குரலில் கொஞ்சமும் இல்லை. சந்தோஷம்தான் இருந்தது. “மெய்யாலுமே மீனா? எத்தினி வருசத்து மீனு?”

ஷாஸியாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னான். படம் அனுப்பினான். பிறகு அவளே கூப்பிட்டாள்.

“டேய் பீம். எங்க ரூம்ல இதோட பிளாஸ்டர் வார்ப்புதாண்டா வெச்சிருக்கோம். நீ ஒரிஜினல வெச்சிக்கினு பேசறே. ரெண்டு துண்டும் பத்திரமா வை. சனிக்கிழம ஹெச்.ஓ.டி.ய கூட்டிக்கினு வரேன். இதுக்கு மேல இன்னா வேணும் உனக்கு? பட்டறையில கெடந்தாலும் கண்ணு ஜியாலஜிஸ்ட் கண்ணுன்னு சொல்லிடறேன். போஸ்ட் உனக்குத்தான்.”

சுப்பராயனிடம் அனுமதி கேட்டபோது அவர் முகம் சுருங்கியது. அவருக்கு மீன் மேல் கோபம் இல்லை. காகிதத்தின் மேல் பயம். “புதைபடிவம், அது இதுன்னு எவனாவது எழுதிட்டான்னா அடுத்த கன்டெய்னர் துறைமுகத்துலயே நின்னுடும் பீம்ராவ். கல்லை எடுத்துட்டுப் போகட்டும். நான் சும்மாவே கொடுத்துடறேன். என் பேரும் பட்டறை பேரும் எங்கயும் வரக்கூடாது. ஆனா ஒண்ணு, ஒரு முழுப் பலகை வீணாப் போயிருக்கு. பார்ட்டிக்கு நான் பதில் சொல்லணும். அது யாரால ஆச்சுன்னு எனக்குத் தெரியணும்.”

“பார்த்துச் சொல்றேன் சார்,” என்றான் பீம்ராவ்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்தபிறகு அவன் தின்னர் பாட்டிலும் துணியும் எடுத்துக்கொண்டு இரண்டு துண்டுகளின் முன்னால் உட்கார்ந்தான். மஞ்சள் மெழுகு லேசில் போவதில்லை. பெருக்கல் குறியைத் துடைத்தான். கோட்டின் மிச்சத்தைத் துடைத்தான். டில்லிபாபு பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்து பார்த்தார்.

“நாளைக்குப் பெரிய ஆளுங்க வர்றாங்கன்னு சுத்தம் பண்றியா? குடு, நீ கொழந்த மாரி தேய்க்கிறே.” துணியை வாங்கி அழுத்தித் தேய்த்தார். ‘துரு’ என்கிற இரண்டு எழுத்தும் அவர் கையால்தான் அழிந்தது. “சோக்கா ஆயிடுச்சு பாரு,” என்றார்.

இவர் புரிந்துதான் செய்கிறாரா, புரியாமல் செய்கிறாரா என்று பீம்ராவ் அவர் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. அப்போதே கேட்டிருக்கலாம்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குத் துறைத் தலைவர் வந்தார். தலையில் தொப்பி, கழுத்தில் கயிறு கட்டிய உருப்பெருக்கி. ஷாஸியா பின்னால் நோட்டோடு வந்தாள். பீம்ராவ் பேசினான். ஒன்பது வருடம் அடைத்து வைத்த பேச்சு. தாடையின் அலகு எப்படித் தன்னைத் தானே தீட்டிக்கொள்ளும், தலைக் கவசமும் தோள் கவசமும் எப்படிக் கீல் போலப் பூட்டியிருக்கும், புள்ளிகளின் அமைப்பைக் கொண்டு எந்த இனத்தோடு ஒப்பிடலாம் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே குரல் மாறுவது தெரிந்தது. தலைவர் உருப்பெருக்கியை எடுக்காமல் உம் உம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஷாஸியா அவனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

பிறகு தலைவர் நிமிர்ந்தார்.

“எல்லாம் சரி. இந்த வெட்டு என்ன? ரெண்டு அங்குலம் தள்ளிப் போயிருந்தா தலை முழுசா கிடைச்சிருக்கும். கண்ணுல பாதியைத் தேய்ச்சுவேற வெச்சிருக்கு. யார் செஞ்சது இதை? பார்த்துட்டுமா இப்படிச் செய்வாங்க?”

டில்லிபாபு நாலு கை தூரத்தில் ஹோஸ் பைப்போடு நின்றிருந்தார். தூசி அடங்கத் தண்ணீர் தெளிக்கச் சொல்லி பீம்ராவ்தான் நிறுத்தியிருந்தான். சுப்பராயன் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு அப்போதுதான் வெளியே வந்தார். ஷாஸியா நோட்டில் எழுதுவதை நிறுத்தினாள்.

நான்தான் என்று சொன்னால் என்ன ஆகும் என்பதை பீம்ராவ் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் முழுசாகப் பார்த்துவிட்டான். ஈரத்தில், வெயிலில், நாலடி தூரத்தில் இந்த மீனைப் பார்த்து துரு என்று எழுதினவன். அவனை யார் மியூசியத்தில் வைப்பார்கள்? ஜூன் மாதம் வரும். முப்பத்தைந்து ஆகும். அதற்கப்புறம் மஞ்சள் மெழுகுதான், சாகும்வரை.

“லேபர் சார்,” என்றான். “நான் சாப்பிடப் போயிருந்தேன். வர்றதுக்குள்ள வெட்டிட்டாங்க. அவங்களுக்கு என்ன தெரியும் சார்.”

“யாரு?” என்றார் சுப்பராயன். “வெட்டு மெஷின்ல டில்லிதானே? ஏம்ப்பா, குறி இல்லாமயா வெட்டுனே?”

டில்லிபாபு பீம்ராவைப் பார்த்தார். அவன் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆமா மொதலாளி,” என்றார் டில்லிபாபு. “அவசரத்துல வெட்டிட்டேன்.”

“பதினெட்டு வருஷ சர்வீஸ் ஆளு நீ.”

“ஆமா மொதலாளி.”

திங்கள்கிழமையிலிருந்து வெட்டு மெஷினில் ஷாரிக் நின்றான். டில்லிபாபு லோடிங்குக்கு மாற்றப்பட்டார். நாற்பத்தாறு வயதில், தோளில் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு, பலகையை லாரியில் ஏற்றும் வேலை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலமும் இருவரும் ஒரே பைக்கில்தான் வீடு திரும்பினார்கள். மூலக்கடை சிக்னலில் வண்டி நின்றபோது டில்லிபாபு திரும்பாமலே கேட்டார்.

“வேல கெடைச்சிடுமா பீமு?”

“கெடைக்கும்னுதான் நெனைக்கிறேன்.”

“கெடைக்கட்டும்.”

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பீம்ராவுக்கு வசதியாக இருந்திருக்கும். திட்டினால் திட்டு வாங்கிக்கொண்டு கணக்கைத் தீர்த்துவிடலாம்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று அவன் முடிவுசெய்யாமல் இல்லை. வேலை உத்தரவு கைக்கு வந்த அன்றே சுப்பராயனிடம் போய்ச் சொல்வது என்று முதலில் முடிவுசெய்தான். உத்தரவு மே பத்தொன்பதாம் தேதி வந்தது. ஆனால் அனுபவச் சான்றிதழில் சுப்பராயன் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. சான்றிதழ் வாங்கியபின் சொல்லலாம் என்று தள்ளிவைத்தான். வாங்கிய அன்று சுப்பராயன் அவனுக்குச் சால்வை போட்டு, பட்டறை ஆட்களுக்கெல்லாம் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? சேர்ந்த பிறகு போனில் சொல்லலாம் என்று நினைத்தான். சேர்ந்த பிறகு, மியூசிய அரங்கம் திறந்து முடியட்டும் என்று நினைத்தான். டில்லிபாபு படியேறும்போது ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொள்ளத் தொடங்கியதை ஜூலை மாதம் கவனித்தான். அதன்பிறகு அவர் வருகிற நேரம் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டான்.

அரங்கம் ஆகஸ்டில் திறந்தது. மீனின் இரண்டு துண்டுகளையும் பொருத்தி, கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். பக்கத்தில் தமிழிலும் இங்கிலீஷிலும் ஒரு அட்டை. எழுதியவர் துறைத் தலைவர். வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்வது பீம்ராவின் வேலை. வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை.

பன்னிரண்டு மணி வாக்கில் டில்லிபாபுவும் கெங்கம்மாவும் உள்ளே வந்தார்கள். அவன் அழைக்கவில்லை. ஷாரிக் போனில் படம் பார்த்துச் சொல்லியிருக்கிறான். டில்லிபாபு இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். கெங்கம்மா பட்டுப்புடவை. ஒருநாள் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

“தம்பி! சோக்கா கீறியே!” என்றாள் வாசலிலிருந்தே. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். “டிரஸ்ஸும் கிஸ்ஸும்! உங்கம்மா இருந்து பாக்கணும்.”

டில்லிபாபு நேராகக் கண்ணாடிப் பெட்டிக்குப் போய்விட்டார். இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக் குனிந்தார்.

“கெங்கா, இங்க வா. இதான் தாட. பல்லே இல்ல பாரு, எலும்புலயே கத்தி. இதான் கன்னம். இங்க ஒண்ணு ஒரே மாரி போவுதே நேரா, அது நான் வெட்டுன வெட்டு. எங்கியாச்சும் ஒரு நூல் கோணல் கீதா பாரு.”

“வெட்டுனத்தக் காட்டவா லீவு போட்டுட்டு வந்தே?” என்றாள் கெங்கம்மா. அவள் பத்தாவது வரை படித்தவள். எழுத்து எங்கே தெரிந்தாலும் வாய்விட்டுப் படிப்பாள். அட்டையைப் படிக்கத் தொடங்கினாள். வயது, கடல், குடும்பத்தின் பெயர் எல்லாவற்றையும் தடுமாறித் தாண்டி, கடைசி இரண்டு வரிக்கு வந்தாள்.

“கல் பட்டறைத் தொழிலாளர்களின் அறியாமையால் இதன் கண் பகுதி சிதைந்துவிட்டது. கண்டறிந்து காப்பாற்றியவர் திரு. பீம்ராவ், எம்.எஸ்ஸி.”

படித்து முடித்தவள் அட்டையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. மறுபடி ஒருமுறை உதட்டுக்குள் படித்தாள்.

அந்தச் சமயம் பார்த்துத் துறைத் தலைவர் விருந்தினர் நாலைந்து பேரை அழைத்துக்கொண்டு அங்கே வந்தார். ஷாஸியாவும் கூட இருந்தாள். விருந்தினரில் ஒருவர் கண்ணாடியில் விரலை வைத்து, “இந்த இடம் ஏன் இப்படி மூளியா இருக்கு?” என்று கேட்டார்.

“பீம்ராவ், சொல்லுங்க,” என்றார் தலைவர்.

டில்லிபாபு ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். பீம்ராவ் வாயைத் திறந்தான். வேறு வாக்கியம் ஒன்றும் வரவில்லை. காலையிலிருந்து முப்பது தடவை சொன்ன வாக்கியம்தான் வந்தது.

“கல் பட்டறைத் தொழிலாளர்களோட அறியாமையால சார்…”

“இன்னாது அறியாம?” கெங்கம்மாவின் குரல் மார்க்கெட்டில் மூன்று கடை தாண்டிக் கேட்கிற குரல். “எதுயா அறியாம? மீனு மீனுன்னு மொதல்ல சொன்னதே இந்த ஆளுதான். வூட்டுல வந்து அன்னிக்கே சொல்லிச்சு. இந்தத் தம்பிதான் துருன்னு சொல்லி வெட்டுன்னுச்சாம். நான் இன்னா பொய்யா சொல்றேன்? கேளு, நிக்கிறான் இல்ல, கேளு!”

ஷாஸியா பீம்ராவைப் பார்த்தாள். நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். இரண்டு வருடம் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்தவள். அவன் காது சிவந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

தலைவர் புருவத்தைத் தூக்கினார். “யாரும்மா நீங்க? பீம்ராவ், யார் இவங்க?”

டில்லிபாபு அதற்குள் முன்னால் வந்து கெங்கம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். இதுக்கு வாய் ஜாஸ்தி. ஒண்ணும் தெரியாது.” அவர் சிரிக்க முயன்றார். “நான்தான் சார் அந்தப் பட்டறையில வெட்டுற ஆளு. நான்தான் பார்க்காம வெட்டிட்டேன். சார் ஓடி வந்து தடுக்கலன்னா இதுவும் போயிருக்கும்.”

“ஓ, நீங்கதானா?” தலைவரின் முகம் இளகியது. விருந்தினரெல்லாம் டில்லிபாபுவை ஆவலோடு பார்த்தார்கள். தலைவர் அவர் தோளில் கை வைத்தார். லோடிங் வேலையில் காய்த்துப்போன தோள். “பரவாயில்லப்பா. தெரியாம செஞ்சதுதானே. வந்து ஒத்துக்கிட்டீங்க பாருங்க, அதுவே பெரிசு. ஆனா அடுத்த தடவை கல்லுல வித்தியாசமா எதாவது தெரிஞ்சா, உடனே வெட்டிடக் கூடாது. இந்த மாதிரி படிச்சவங்களைக் கூப்பிட்டுக் காட்டணும். என்ன?”

“காட்றேன் சார்,” என்றார் டில்லிபாபு.

கெங்கம்மா கையை உதறிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். டில்லிபாபு போகும் வழியில் பீம்ராவின் பக்கத்தில் ஒரு நொடி நின்றார். அவனுக்கு மட்டும் கேட்கும்படி, “அவ சொன்னத மனசுல வெச்சுக்காத. வேலையப் பாரு” என்றார்.

விருந்தினர் காத்திருந்தார்கள். பீம்ராவ் தொண்டையைச் செருமிக்கொண்டு, தாடையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான்.